அந்தப் புத்தகத்தில் ரயில் வரவே இல்லை

புத்தகத்தைத் திறந்ததும் அந்துருண்டை வாடை அடித்தது. உன் பீரோவில் இருந்த புத்தகங்களில் ஒரு கட்டை உன் மருமகள் நஸ்ரின் போன வாரம் என் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். இன்று மாதக் கடைசி சனிக்கிழமை. இந்த மாதம் படித்தவற்றை மேஜைமேல் பரப்பி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டை முடித்தேன், ஒன்றைப் பாதியில் விட்டேன். முடித்ததில் ஒன்று பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நீ எதிரே இருந்தால், "அழ வெச்சுட்டானா? அப்ப எதையோ மறைக்கிறான்," என்றிருப்பாய்.

ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் நாம். ஓய்வு பெற்ற பிறகும் இந்தச் சனிக்கிழமையை விடவில்லை. நீ ராயப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வருவாய், நான் மயிலாப்பூரிலிருந்து நடந்து வருவேன். ஆழ்வார்பேட்டையில் அந்த ஓட்டலின் ஓர மேஜை நமக்கு. முதலில் போன மாதத்துப் பஞ்சாயத்து: எது தேறியது, எது நம்மை ஏமாற்றியது. அப்புறம் அடுத்த மாதத்துக்கு உன் தேர்வு ஒன்று, என் தேர்வு ஒன்று, இரண்டு பேருக்கும் பிடிக்காது என்று தெரிந்தே எடுப்பது ஒன்று. வீட்டில் உருது பேசுகிற நீ என்னைவிட வேகமாகத் தமிழ் படிப்பாய். முன்னுரையை நம்பமாட்டாய், பின்னட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய். "கதை சொல்றவன் ரொம்ப நல்லவனா தெரிஞ்சா, கைப்பையை கெட்டியா புடிச்சுக்கோ" என்பது உன் வேதவாக்கு.

அந்தச் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அதை உன்மேலேயே திருப்புவேன் என்று மட்டும் நினைக்கவில்லை.

கொட்டிவாக்கத்தில் மகன் வீட்டுக்கு நீ குடிபோன பிறகுதான் தொடங்கியது. புத்தகத்தைக் கையில் கொண்டுவருவதை நிறுத்தினாய். கேட்டால், "கனமா கீது, வூட்லயே வெச்சிட்டேன்," என்றாய். அடுத்த மாதத்துக்கு ஒல்லிப் புத்தகங்களாகவே சொன்னாய். பக்க எண் சொல்லிச் சண்டைக்கு வருகிறவள், "நடை நல்லா கீது" என்று முடித்துக்கொண்டாய். ஒரு பத்தியைக் காட்டினால், "நீயே படி, உன் வாயால கேக்கணும்" என்றாய். இவள் படிப்பதே இல்லை, யாரோ சொன்னதை வந்து ஒப்பிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. கடற்கரைப் பக்கம் வேறு கூட்டாளிகள் கிடைத்து, என்னை நாசூக்காகக் கழற்றிவிடப் பார்க்கிறாளா? ஒருநாள் கைபேசி ஒலித்து, எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசினாய். திரும்பி வந்து, "யாருமில்ல," என்றாய். அந்த யாருமில்லாதவர் யார் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அடுத்த மாதம் பொறி வைத்தேன்.

"அந்த ரயில் பயணம் வருதே, புத்தகத்துலயே எனக்கு அதுதான் உசத்தி," என்றேன். அது ஒரு வீட்டுக்குள்ளேயே நடந்து முடிகிற கதை. ரயிலுக்கு அங்கே வேலையே இல்லை. நீ காபியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாய். பிறகு, "ஆமா, அது நல்லாத்தான் கீது," என்றாய். நான் இட்லித் தட்டைத் தள்ளிவைத்தேன். அடுத்த மாதப் புத்தகங்களைப் பற்றிப் பேசாமலே எழுந்துவிட்டோம்.

சில நாள் பொறுத்தேன். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டிவாக்கத்துக்கு பஸ் ஏறினேன். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனேன்.

காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தீர்கள். உள்ளே நஸ்ரினின் குரல் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது. ஐதராபாத்திலிருந்து வாழ வந்தவள், உன்னை அம்மி என்று கூப்பிடுகிறவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது என்று நீதான் சொல்லியிருந்தாய். நடுவில் உன் அதட்டல்: "பக்கத்த உட்டுட்டே நீ. ரயிலு எங்க?"

"விடல அம்மி. முதல்லேர்ந்து ரெண்டு வாட்டி பாத்துட்டேன். சத்தியமா விடல." அவள் குரல் உடைந்திருந்தது.

நான் உள்ளே போய் உன் எதிரில் நின்றேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். நீ என் பக்கம் முகத்தைத் திருப்பி, "யாரு?" என்றாய்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நான்தான்," என்றேன்.

குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டு நீ கேட்டாய். "ரயிலு இல்ல. அப்படித்தானே?"

"இல்ல."

"நீ வெச்சது."

"ஆமா."

முதலில் நஸ்ரினின் கையைத் தேடிப் பிடித்து, உருதுவில் மன்னிப்புக் கேட்டாய். பிறகு என்னிடம் திரும்பினாய். "சர்க்கரை கண்ணுக்குள்ள பூந்துடுச்சு. ஊசி போட்டுக்கினு கீறேன். அன்னிக்கு போன் பண்ணது கண்ணாஸ்பத்திரி. இவ படிக்கிற வேகத்துக்கு மாசத்துல பாதி புக்குதான் தாண்டும். நீ சொன்ன ரயிலு பின்பாதியில வரும்னு நெனச்சேன்."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா நீ விட்டுக்குடுத்துப் பேசுவே. அப்புறம் நான் சண்டைக்கு யார்கிட்ட போறது?"

நஸ்ரின் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, அடுத்த வாட்டி பொய் சொல்றதா இருந்தா முதல் பத்துப் பக்கத்துக்குள்ள வர்ற மாதிரி சொல்லுங்க," என்றாள். நீதான் முதலில் சிரித்தாய்.

அதன்பின் சனிக்கிழமைகள் கொட்டிவாக்கத்துக்கு மாறின. மாதத்துக்கு ஒரே புத்தகம், மூன்று பேர். நான் விட்டுக்கொடுத்துப் பேசவில்லை, அதற்கு நீ இடமும் தரவில்லை. நஸ்ரினின் வேகம் கூடக்கூட, அவள் வரிகளை விழுங்குகிறாள் என்று சந்தேகப்பட்டு, "திரும்பப் படி" என்பாய். "கண்ணு ஓடிடும், காது நின்னு கேக்கும். எங்க நடிக்கிறான்னு அதுக்குத் தெரிஞ்சுடும்," என்று ஒருநாள் சொன்னாய். கண் போனதற்குச் சமாதானம் சொல்கிறாய் என்று அன்று நான் அதையும் நம்பவில்லை.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டாய். புத்தகம் பாதியில் இருந்தது. மீதியை உன் அறையில் உட்கார்ந்து தனியாக வாய்விட்டுப் படித்து முடித்ததாக நஸ்ரின் பிற்பாடு சொன்னாள். நான் கடைசி அத்தியாயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். சரியாகப் பதில் சொல்லிவிட்டு, "அம்மியும் இப்டித்தான் கேட்டிருப்பாங்க," என்றாள்.

இப்போதெல்லாம் எனக்கு மௌனமாகப் படிக்கவே வருவதில்லை. அடுத்த மாதத்துக்காக உன் கட்டிலிருந்து மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தை உரக்கப் படித்துப் பார்த்தேன். ஒன்று எடுத்த எடுப்பிலேயே என்னை முகஸ்துதியால் குளிப்பாட்டியது, ஒதுக்கினேன். இன்னொன்று வழவழவென்று ஓடியது. இரண்டாம் முறை படித்தபோது வாயில் எதுவும் மிஞ்சவில்லை, அதையும் ஒதுக்கினேன். மூன்றாவதில் நான்காம் வரியில் நாக்கு இடறியது. திரும்பப் படித்தேன். அதே இடத்தில் மறுபடியும் இடறியது. அங்கே யாரோ நிஜமாகவே தயங்கியிருக்கிறார்கள்.

இதுதான் அடுத்த மாதத்துக்கு. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். நான் இன்னும் கொஞ்சம் உரக்கப் படிக்கிறேன்.