கிருத்திகைப் பானகம்

அன்புள்ள மோனிஷாவுக்கு அப்பா எழுதுவது. நலம் என்று எழுத முந்தாநாளே உட்கார்ந்தேன், முதல் வரி முடிவதற்குள் ஒன்பது முறை எழுந்து ஓடவேண்டியதாயிற்று, இன்றுதான் நலம். நீயும் மெல்போர்ன் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது. உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், பக்கத்து வீட்டு வரலட்சுமி அதற்காகவே துணி காயப்போட வருவாள்.

பட்டணத்தில் ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷனைப் புதுப்பிக்கிறார்கள், அதில் உன் மாமா கங்காதரன் சுண்ணாம்புப் பூச்சு வேலைக்கு முயற்சி செய்தான். நூறு வருஷத்துச் சுவருக்கு சிமென்ட் ஒத்துக்கொள்ளாதாம், வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துத்தான் பூசவேண்டும். மாதிரிக்கு ஒரு சதுரம் பூசியாகிவிட்டது. மேலதிகாரி பார்த்துச் சரியென்றால் நம் ஊர் ஆட்கள் பதினாலு பேருக்கு இரண்டு வருஷ வேலை, இல்லையென்றால் கரண்டியைத் துடைத்துக்கொண்டு அடுத்த ரயிலில் திருத்தணி. இதை நம்பி மாமா ஓசூரில் வந்த வேலையையும் விட்டுவிட்டான். என் பொறுப்பு, வந்தவர் பெயரைக் குறித்துக்கொண்டு நிழலில் நிற்பது. அதைத் திறம்படச் செய்து வந்தேன்.

அதிகாரி வரும் நாள் ஆடிக் கிருத்திகையாக அமைந்துவிட்டது. ஊரே காவடியோடு மலை ஏற, நாங்கள் காலை ரயில் ஏறினோம். வேலை இடத்தில் சுவரோரம் ஓர் எவர்சில்வர் அண்டா, வாயில் வெள்ளைத் துணி கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து இருந்தது. திறந்தால் வெல்ல வாசனை. கிருத்திகையன்று நம் ஊரில் தெருவுக்குத் தெரு இப்படித்தானே பானகம் வைப்பார்கள். சித்தாள் ஜெயம்மா மறக்காமல் கரைத்திருக்கிறாளே என்று நெகிழ்ந்துபோய் இரண்டு டம்ளர் குடித்தேன். துவர்த்தது, சுக்கு அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். பத்து மணிக்கு வந்த அதிகாரிக்கும் தணிகை முருகன் பிரசாதம் என்று ஒரு டம்ளர் நீட்டினேன். பக்தியுள்ள மனிதர், கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

அவர் மேல்கூரையைப் பார்க்கப் போனபிறகுதான் ஜெயம்மா வந்தாள். "அய்ய, அது செவுத்துக்கு வச்ச கடுக்கா தண்ணிண்ணா! ஆபீசர் எதிர்ல கொழைக்கப் போறோம்னு பொட்டு வச்சேன், நீ மொண்டு குடிச்சிகினு கீற!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்கும் கொடுத்ததைச் சொன்னேன். மாமா கரண்டியைக் கீழே போட்டான். "பாவா, பதினாலு பேரு சோறு அந்த ஆளு கையில கீது, நீ அவுருக்கே பேதிக்கு ஊத்திகினு வந்து நிக்கிறியே" என்றான். போய்ச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். "வாயத் தொறந்தின்னா, அக்கா புருஷன்னு பாக்கமாட்டேன்" என்றான்.

ஒரு மணிக்கு அதிகாரி எங்கள் சுவருக்கு வந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. குழைத்துக் காட்டவா என்று மாமா கேட்டதற்கு வேண்டாமென்று கையை ஆட்டினார். சுவரை இரண்டு தட்டு தட்டினார், நகத்தால் கீறினார், "பழசு எது புதுசு எதுன்னே தெரியலய்யா, நாளைக்கே ஆரம்பிங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பதவிக்குத் தகாத வேகத்தில் நடந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், பின்னாலேயே நானும் போனேன்.

இப்போது மாமா கலவைப் பக்குவம் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறான். பொதட்டூர்பேட்டை துரைக்கண்ணு மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது, பெண்ணுக்குத்தான் இன்னும் சொல்லவில்லையாம். நீ வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, யார் எதை நீட்டினாலும் என்னவென்று கேட்டுவிட்டுக் குடி. தணிகேசன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். மாமாவுக்கு வாழ்த்துச் சொல்ல மறக்காதே, என் வயிற்றைப் பற்றி மட்டும் அவனிடம் விசாரிக்காதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா,
வேணு

பி.கு.: அதிகாரி தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நூறு வருஷத்துப் பழைய பூச்சுக்கு. மாமா பூசிய சதுரம் இரண்டடி தள்ளி, சீக்கிரம் காயாமலிருக்கத் தொங்கவிட்ட ஈரச் சாக்குக்குப் பின்னால் இருந்தது.