மண்வெட்டி மாதம்

ஜனவரி 5, திங்கள்

அண்ணன் பிரபாகரன் தான் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து இந்த டைரியைக் கொண்டுவந்தான். கழித்துப் போட்ட சரக்கு. பக்கத்துக்கு ஒரு ஆங்கில மரபுத்தொடர் போடப் பார்த்து, ஜனவரி முழுக்க ஒன்றையே அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ‘கால் எ ஸ்பேட் எ ஸ்பேட். பொருள்: மண்வெட்டியை மண்வெட்டி என்றே சொல்லுதல், உள்ளதைப் பூசி மெழுகாமல் பேசுதல்.’

மண்வெட்டியை வேறு என்னவென்று சொல்வார்களாம்? வெள்ளைக்காரனுக்கு வேலை இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இப்போது புரிகிறது. நான் பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறேன். தரகர் வெள்ளைத்தாயிடம் அம்மா, “எம்மக ஆபீசுல கணக்கு பாக்கா” என்று அளந்துவிட்டிருக்கிறாள். மாப்பிள்ளை புகழேந்தி, சாத்தூர்ப் பக்கம், அச்சகத்தில் மேனேஜராம். பட்டாசுக்காரி என்றால் வரமாட்டார்களாம்.

போட்டோவைப் பார்த்தேன். பிடித்துத் தொலைத்துவிட்டது.

வாக்கியத்தில் அமைத்து எழுதுக: என் அம்மா மண்வெட்டியை லேப்டாப் என்பாள்.

ஜனவரி 17, சனி

நகக்கண்ணெல்லாம் அலுமினியத் தூள். அம்மா புளி, எலுமிச்சை, மண்ணெண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேய்த்தாள். தோல்தான் உரிந்தது. ஆயுசுக்கும் கையை முந்தானைக்குள் ஒளிக்க என்னால் ஆகாது. ஆனால் சொன்னால் எழுந்து போய்விடுவாரே — பயமாக இருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

மேனேஜர் வந்தார். செருப்பைக் கழற்றினார். எங்கள் கம்பிக் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். பிறகுதான் உள்ளே வந்தார்.

ஜன்னலில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருந்து ரூம் ஆட்கள்தான் அப்படிச் செய்வோம். வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பொறி போதும். பழகின கை எங்கே போனாலும் தானாக நீளும். எனக்கும் நீளும்.

காபித் தட்டோடு போனேன். கணக்கு வேலை எப்படிம்மா என்று அவர் அம்மா கேட்டார்.

“நான் மருந்து அடைக்கிறவ, அத்தை. அவுகளும் மருந்து ரூம்புதான். கதவத் தொட்டுட்டுல்ல வந்தாக.”

வெள்ளைத்தாய்க்குக் காபி புரையேறியது. புகழேந்தி காது சிவக்கத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஜ்ஜியை யாரும் தொடவில்லை. போய்விட்டார்கள்.

குளியலறையில் அழுதேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று எந்தப் பயல் சொன்னான்?

ஜனவரி 19, திங்கள்

பக்கத்தின் அடியில் இன்னும் அதே மண்வெட்டி. எடுத்து என் தலையில் போடு.

ஜனவரி 22, வியாழன்

கம்பெனி வேன் வருமுன் அவரிடமிருந்து போன். “எங்கம்மா என்னய மேனேஜர்னு சொன்னப்ப நான் வாயத் தொறக்கல. நீங்க தொறந்தீக. இந்தப் பயந்தாங்கொள்ளியக் கட்டிக்கிடுவீகளா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன மண்ணாங்கட்டி இருக்கிறது? வேன் முழுக்கச் சிரித்துக்கொண்டே போனேன்.

மே 24, ஞாயிறு

புகுந்த வீடு. ஆரத்தி முடிந்து, வலது காலை எடுத்து வை என்றார்கள். அதற்குள் என் கை வாசல் கம்பிக்குப் போய்விட்டது. அங்கே அவர் கை ஏற்கெனவே இருந்தது.

அத்தை பக்கத்து வீட்டு அம்மாவிடம், “எம்மருமக ஆபீசுல...” என்று ஆரம்பித்தார். எங்கள் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“மருந்து அடைக்கா” என்றார்.