செல்வி இரண்டு தடவை கேட்ட எண்

அடியே செல்வி, இப்போதும் எனக்கு நீ 'அடியே'தான், கோபித்துக்கொள்ளாமல் கேள்.

திருப்பதி ஆய்வுக்கூடத்தில் உன் நாற்காலிமேல் ஏசி இன்னும் ஒழுகுகிறது. பக்கெட் வைத்திருக்கிறேன். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷமாகியும் அங்கே யாரையும் உட்காரவிடவில்லை. கேட்டால், ஒழுகுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நம் கட்டுரை தப்பு, செல்வி.

அந்தச் சுருள் விண்மீன் மண்டலத்தின் நடுவில், கருந்துளையைச் சுற்றி வாயு கொட்டிக்கிடக்கிறது, ஆனாலும் விண்மீன்கள் பிறக்கவில்லை, கருந்துளைதான் தடுக்கிறது என்று எழுதினோமே. போன மாதம் புதிய தரவுகளை வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். அவ்வளவு வாயுவே அங்கு இல்லை. பிறகு எதைத் தடுப்பது?

விண்மீன் பிறக்கும் குளிர்ந்த ஹைட்ரஜன் கருவிக்குச் சிக்காது. அதனோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடின் ஒளியை அளந்து, ஓர் எண்ணால் பெருக்கி ஹைட்ரஜன் எவ்வளவு என்று கணக்கிடுவோம். நீ இரண்டு தடவை கேட்டாய். "நம்ம கேலக்ஸியோட எண்ணை அங்க போடலாமாக்கா? அங்க வாயு சூடா, கலங்கிக்கினு இருக்குமே. கொஞ்சமா இருந்தாலும் ஜாஸ்தியா மின்னும் இல்ல?" நான்தான், "எல்லாரும் அதைத்தான் போடறாங்க, கம்முனு போடு" என்றேன். சீனியர் என்ற திமிர். போட்டாய். கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது, அதனால் தப்பும் உன் தலையில்தான் விடியும்.

ஞாயிற்றுக்கிழமை வடமாலபேட்டைக்குப் போனேன். உன் நைனா கட்டுரையின் முதல் பக்கத்தை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். இங்கிலீஷ் தெரியாது, உன் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் விரல் வைத்துக் காட்டுகிறார். "துன்னுட்டுப் பேசும்மா" என்று சோறு போட்டார். கட்டுரையில் ஒரு தப்பு, திருத்தம் அனுப்பவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "பாவம், சின்னப் பொண்ணுதான. அவசரத்துல தப்பா போட்டுக்கினு இருக்கும். நீ திருத்தி அனுப்பும்மா. அது ஒண்ணும் நெனச்சுக்காது."

என் வாயில் சோறு. தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை, செல்வி. நீ செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்த மனுஷன் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். எப்படி முடிந்தது எனக்கு?

திருத்தம் எழுதிவிட்டேன். சந்தேகப்பட்டவள் நீ, அந்த எண்ணைப் போடச் சொன்னவள் நான் என்று அதில் இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை. வரும் ஞாயிறு முதலில் உன் நைனாவிடம் சொல்வேன், சாப்பிட உட்காருவதற்கு முன்பே. இது சத்தியம். அதற்குப் பிறகும் அவர் தட்டு எடுத்து வைத்தால் சாப்பிடுகிறேன்.

இன்னும் அப்படிக் கூப்பிடுவாயா என்று தெரியாத
உன் அக்கா