ராகு காலம் கழிந்து போட்ட கையெழுத்து

இன்று காலை, குளிர் தாங்காமல், இந்த வருடத்தில் முதல்முறையாக ஹீட்டர் போட்டேன். ஆறு மாதத் தூசி கருகும் அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியது. நீங்களாக இருந்தால் உடனே ஜன்னல்களை எல்லாம் திறந்துவிடுவீர்கள். நியூ ஜெர்சிக்கே சூடு ஏற்றுகிறீர்களா என்று நான் திட்டுவேன். இன்று நான் திறக்கவில்லை. திட்டு வாங்க நீங்கள் வேண்டுமே.

எண்பத்து நாலு வயதில் உங்களுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இனி நீங்கள் இருக்கவேண்டிய நர்சிங் ஹோமின் செலவு சேமிப்பைத் தின்று முடித்தால் அடுத்தது வீடுதான் என்றார் வக்கீல். உங்கள் பேரில் சொத்து இல்லாவிட்டால்தான் அரசாங்கம் அந்தச் செலவை ஏற்குமாம். அவர் சொன்ன வழி, பேப்பரில் விவாகரத்து செய்துகொண்டு வீட்டை என் பேருக்கு எழுதிவிடுவது. ஒரு மாதம் நான் அவர் ஃபோனையே எடுக்கவில்லை. நீங்கள்தான் விடவில்லை.

“பேப்பர்லதானே ஜானகி. நான் எங்க படுத்திருந்தா என்ன, நீ நம்ம வீட்ல இருக்கணும்.”

வக்கீல் உங்கள் கட்டிலுக்கே பேப்பர்களைக் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. ராகு காலம் முடியட்டும் என்று அவரைப் பன்னிரண்டு வரை உட்கார வைத்தீர்கள். விவாகரத்துக்கு நல்ல நேரம் பார்த்த மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இடது கையால் கோணல்மாணலாக நீங்கள் கையெழுத்துப் போட்டதும் அழுதுவிட்டேன்.

வீடு தப்பித்தது. தினமும் ரசம் சாதத்தோடு வந்து நின்றதால் நர்ஸுகளுக்கு நான்தான் உங்கள் மனைவி. ஆபீஸ் ஃபைலில் மட்டும் இல்லை. அதை நாம் இருவருமே யோசிக்கவில்லை. அந்த மத்தியானம் உங்களுக்கு மூச்சுத் திணறியபோது, ஃபைலைப் பார்த்து கலிஃபோர்னியாவில் இருக்கும் நம் மகனைக் கூப்பிட்டார்கள். அவன் மீட்டிங்கில் இருந்தான். அவன் எனக்குச் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் பத்து நிமிட டிரைவில், வீட்டில்தான் இருந்தேன்.

“அம்மா, அவங்ககிட்ட என் நம்பர் மட்டும்தான் இருந்துச்சு,” என்று அவன் அழுதான். அவனைச் சொல்லி என்ன?

உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. மூன்று பெட்ரூமில் இரண்டை நான் திறப்பதே இல்லை. இதற்காகவா அத்தனை பிடிவாதம் பிடித்தீர்கள்?

சட்டப்படி நான் உங்கள் விதவைகூட இல்லையாம். போன வாரம் கண் டாக்டரிடம் போனபோது ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். திருமணமானவர், விவாகரத்தானவர், விதவை என்று கட்டங்கள். விதவை, எந்தப் பெண்ணும் கேட்டு வாங்காத பட்டம் அது. பேனாவை அழுத்தி அதில்தான் டிக் போட்டேன். இனி எந்த ஃபாரம் வந்தாலும் அப்படித்தான் போடுவேன். பொய் என்று எவனாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.