தேசிங்கு குடிக்கவில்லை

சண்டை என்று காதில் விழுந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய் நடுவில் நிற்கும் என் தேசிங்கு அண்ணனுக்கு,

உன் தங்கச்சி அஞ்சலை எழுதுகிறேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. அழுதுகொண்டு எழுதவில்லை, பயப்படாதே. கோபத்தில்தான் எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குப்பத்தில் ஊர்க்கூட்டம். ஊர் கூடுகிற, பொம்பளைகள் கால் வைக்கக்கூடாத அந்த வலைக்கூடத்துக்குள் நான் போனேன். ஏன் போனேன் என்று சொல்கிறேன், கேள்.

கடலில் வலை மேல் வலை விழும். அவன் அறுத்தான், இவன் அறுத்தான் என்று கரையில் துடுப்பைத் தூக்குவார்கள். அப்போதெல்லாம் எண்ணூரிலிருந்துகூட உன்னைத்தானே தேடி வருவார்கள்? நீயும் நடுவில் புகுந்து, "வுடு மாமு, வுடு. நாளிக்கும் ரெண்டு பேரும் ஒரே கடலுக்குத்தான போவணும்?" என்பாய். முதல் அடி உனக்குத்தான் விழும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "நடுவுல ஆளு இல்லாங்காட்டி எவனும் நிறுத்த மாட்டான்மா" என்று வீங்கின கன்னத்தோடு சிரிப்பாய்.

பிறகு உன் ஒரு கண் மங்கியது. அது தானாகத் தெளிந்தது. அடுத்து கால் மரத்துப்போனது, நாக்கு குழறியது. விடியற்காலையில் படகைத் தள்ளும்போது நன்றாக இருப்பாய். வெயில் ஏறினால் தள்ளாடுவாய். அதுதான் உனக்கு வினையாகப் போயிற்று. "ஒயின் ஷாப் தொறக்குற வரிக்கும் நல்லாத்தான் கீறான்" என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள். பீடிகூடப் பிடிக்காத உன்னை!

அந்தக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா? இல்லாமல் எங்கே போகும். வேலாயுதத்தின் வலைத் தகராறு. நீ பேச எழுந்தாய், வாய் குழறியது. "குடிச்சிட்டு வந்து எனக்கு நாயம் சொல்றியாடா?" என்றான் வேலாயுதம். குடித்துவிட்டு ஊர்க்கூட்டத்துக்கு வந்தவன் ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழ வேண்டும், அதுதான் நம் குப்பத்துக் கட்டுப்பாடு. நீ எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழுந்தாய். எழத்தான் முடியவில்லை. மணல் உன் வாய்க்குள் போயிருந்தது. நான் வெளியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எவனோ சிரித்தான்.

அன்று காலையில்தான் அம்மா, வாதம் இறங்கட்டும் என்று நொச்சி இலை போட்டுக் கொதிக்கக் கொதிக்க உனக்குத் தலைக்கு ஊற்றியிருந்தாள். அந்தச் சூட்டோடு உச்சி வெயிலில் கூட்டத்துக்குப் போனாய்.

அதன் பிறகு உன்னை எந்தச் சண்டைக்கும் யாரும் கூப்பிடவில்லை. நீ படுக்கையில் விழுந்த பிறகு ஸ்கேன் எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று ஒரு பேர் சொன்னார்கள். பேர் தெரிந்து என்ன செய்ய? அதற்குள் சளி நெஞ்சில் கட்டிக் காய்ச்சலில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பாடை தூக்கும்போதுகூட, "குடிச்சே நரம்பு பூட்ச்சுப்பா" என்றார்கள். நான் அதை மறக்கவில்லை.

இந்த வெயில் காலத்தில் ஒருநாள், நான் வேலை செய்யும் டோல்கேட் மருந்துக்கடைக்கு வேலாயுதம் வந்தான். தைலம் கேட்டான். எடுத்து வைத்தேன். வாங்காமல் நின்றான்.

"அஞ்சல, உங்க அண்ணனுக்கு இன்னா சீக்குன்னு டாக்டருங்க சொன்னாங்கோ?"

"இன்னாத்துக்குக் கேக்குற?"

"எம்பொண்ணு கஸ்தூரிக்கு ஒரு கண்ணு சரியா தெர்ல. மத்தியானம் ஆனா காலு பின்னுது."

நல்லா வேணும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கஸ்தூரி என்ன செய்தாள்? எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கிற பெண். கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அங்கே அடுப்பில் அண்டா நிறைய நொச்சி இலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நீ விழுந்த அன்றைக்கு ஊற்றிய அதே தண்ணீர் என்று நினைத்ததும், ஒரு குடம் பச்சைத் தண்ணீரை அப்படியே அதில் கவிழ்த்தேன். கஸ்தூரியின் அம்மா கத்தினாள். கத்தட்டும் போ.

கையோடு கஸ்தூரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், அங்கே ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். ஸ்கேன் பார்த்துவிட்டு உன் நோயேதான் என்றார். இந்த முறை நான் விடவில்லை, ஏன் வருது, எப்படி வருது என்று பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நம் ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற அணுக்கள் இருக்கின்றன. அதில் சிலதுக்குக் குறி தப்பிவிடும். நரம்பின் மேல் இருக்கிற உறையையே எதிரி என்று நினைத்து அரிக்கும். கரண்ட் ஒயரில் ரப்பர் போனால் எப்படியோ, அப்படி மூளை சொல்கிற சேதி கால் வரைக்கும் போய்ச் சேராது.

"குறி தப்புன அணு நல்லா இருக்கிறவங்க உடம்புலயும் உண்டும்மா, உங்க உடம்புல, என் உடம்புல" என்றார் டாக்டர். "ஆனா அதுங்களை அடக்கி வைக்கிறதுக்குன்னே வேற அணு இருக்கு. ஒழுங்குபடுத்துற அணுன்னு சொல்லலாம். அது சண்டை போடாது, சண்டைய நிறுத்தும். இந்த நோய்க்காரங்க உடம்புல அது எண்ணிக்கையில குறையல, ஆனா அடக்குற பலம் இல்லன்னு இப்பத்தான் ஆராய்ச்சியில தெரிஞ்சிக்கிட்டு வர்றாங்க."

அண்ணா, நான் அந்த அறையிலேயே சிரித்துவிட்டேன். டாக்டர் பயந்துபோனார். "அது எங்கண்ணன் வேலைங்க மேடம்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. கரையில் அத்தனை பேர் சண்டையை நிறுத்தினவனுக்கு அவன் உடம்புக்குள்ளே "வுடு மாமு" சொல்ல ஓர் ஆளுக்குத் தெம்பில்லாமல் போயிற்றே. இது என்ன நியாயம்? யாரிடம் போய்க் கேட்பது?

அந்த அணுவுக்குப் பலம் ஏற்ற முடியாதா என்று கேட்டேன். உலகம் பூராவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் மருந்தாகக் கைக்கு வரவில்லை என்றார். நம் கரையில் வந்து படிகிற அனல் மின் நிலையத்துச் சாம்பலால் வந்ததா என்றும் கேட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்றார். சுடுதண்ணீர் விஷயத்தையும் கேட்டேன். "சூட்டால நோய் வரல. ஆனா உறை போன நரம்புக்குச் சூடு ஏறினா அந்த நேரத்துக்குக் கை கால் விழுந்துடும்" என்றார். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொல்லட்டுமா? நீயே சொல்.

கஸ்தூரிக்கு டிரிப்ஸில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், கண் தெளிந்தது. வெயிலில் கால் மட்டும் இன்னும் பின்னுகிறது. ஊர் சும்மா இருக்குமா? "பொண்ணும் ஊத்திக்குது போல" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன், கூட்டத்துக்குப் போவது என்று.

உச்சி வேளை. உள்ளே போய் நீ விழுந்த அதே இடத்தில் நின்றேன். ஊர்த்தலைவர் எகிறினார்.

"பொம்பள உள்ள வரக்கூடாதுன்னு தெரியாதா உனுக்கு?"

"தெரியும். எங்கண்ணன் இங்கதான் வுயுந்து கெடக்குறான். அவன் எந்திரிக்கிற வரிக்கும் போவ மாட்டேன்."

"செத்தவன் பஞ்சாயத்த இன்னாத்துக்கும்மா இப்ப எடுக்குற?"

உன் நோயைப் பற்றி டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். பாதிப் பேர் கடலைப் பார்த்தார்கள். அப்போது கஸ்தூரி வெளியிலிருந்து தூணைப் பிடித்துப் பிடித்து, உன்னை மாதிரியே தள்ளாடிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் கூப்பிடவில்லை, சத்தியமாக. என் பக்கத்தில் வந்து நின்று தலைவரைக் கேட்டாள்.

"நான் குடிச்சிகீறேனா? கிட்ட வந்து மோந்து பாருங்க. என்னியும் வுய சொல்லுவீங்களா?"

வேலாயுதம்தான் எழுந்தான். "தேசிங்கு அன்னிக்குக் குடிக்கல. எனுக்கு அப்பவே தெரியும். வாடையே வர்ல" என்றான்.

தெரியுமாம் அண்ணா! தெரிந்தேதான் உன்னை மணலில் தள்ளியிருக்கிறான்.

உன்னோடு படகில் போன பையன்கள் பாய்ந்துவிட்டார்கள். ஒருத்தன் வேலாயுதத்தின் சட்டையைப் பிடித்தான், இன்னொருத்தன் துடுப்பைத் தூக்கினான். அவன் ஆட்களும் எழுந்துவிட்டார்கள். எனக்கும் அவனைக் கடித்துத் துப்ப வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் என் கால் என்னைக் கேட்காமல் ஓடியது. நடுவில் போய் நின்றேன். "வுடுங்க மாமு, வுடுங்க!" என்று கத்தியது என் குரல்தானா? தோளில் ஒரு அடி விழுந்தது. யார் அடித்தது என்று பார்க்கவில்லை. எல்லாம் அடங்கின பிறகுதான் பார்த்தேன், காலில் செருப்பு இல்லை.

தலைவர் முனகினார், "தேசிங்கு மேல தப்பு இல்லன்னு ஊரு சொல்லுது." "சத்தமா" என்றேன். திரும்பச் சத்தமாகச் சொன்னார். போதுமா? போதாது. வேலாயுதத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. கஸ்தூரியை ஒவ்வொரு முறையும் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அது வேறு.

அண்ணா, அந்த அணுவுக்குப் பலம் ஏற்றும் மருந்து வருகிற அன்றைக்கு வரட்டும். அதுவரைக்கும் இந்தக் கரையில் தள்ளாடுகிற ஒருத்தரையும் நான் விழச் சொல்ல விடமாட்டேன். யார் விழச் சொன்னாலும் முதலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நீ எழுந்துவிட்டாய். இனி நடுவில் நான் நிற்கிறேன்.

தோள் இன்னும் வலிக்கிற
உன் கூடப்பிறந்தவள்,
அஞ்சலை