412, பதினெட்டு வாரம்

மே 3

அன்புள்ள வாலு,

நாங்கள் இருவரும் நலம். குழந்தை என்ற சொல் வந்தாலே எல்லோரும் பேச்சை மழைக்கு மாற்றிவிடுகிறார்கள். கரு கலைந்து பதினோரு மாதமாகிறது. இன்னமும் மாடியில் துணி உலர்த்தும்போது வயிற்றுக்குள் உதைக்கிறது. உன் அத்தானிடம் சொன்னேன். "பிரமைம்மா, போய்த் தூங்கு" என்றார், பட்டப்பகலில்.

நீயும் ஆய்வகத்தைப் பற்றி எழுதுவதில்லை. பூசி மெழுகாமல் எழுது.

உன் அக்கா

மே 14

அன்புள்ள அக்கா,

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். பிழைக்காத கருக்களின் அட்ரீனல் சுரப்பி எங்களுக்கு வரும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். கருவில் அது பெரிய தொப்பி. மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றுவேன். தாயிடமிருந்து வரும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருந்தால் பழுப்பாகும். இல்லாவிட்டால் வெறும் நீலம்.

பயப்படாதே, யாருடையது என்று எங்களுக்கே தெரியாது. இப்போது என் மேஜையில் இருக்கும் பெட்டியில்கூட "412, 18 வாரம், போன வருஷம் ஜூன் 12" என்று மட்டும்தான் இருக்கிறது. நாளை அதற்குச் சாயம்.

தங்கச்சி

மே 21

வாலு,

உன் கடிதத்தைக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு முறை படித்தேன். எனக்கும் அன்றுதான், பதினெட்டாம் வாரம். நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டி, "ஆராய்ச்சிக்கு உதவும்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றுதான் அத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அது என்னுடையதா என்று நீ சொல்ல முடியாது, தெரியும். வயிற்றில் இருந்தபோது, பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குக் கேட்டிருக்குமா என்று பிறகு கேட்டேன். "அந்த வாரத்துல எதுவும் போய்ச் சேராதும்மா" என்றார் டாக்டர். பழுப்பா, நீலமா? அதை மட்டும் எழுது.

அக்கா

மே 30

அக்கா,

நுணலும் தன் வாயால் கெடும். நான் உன்னையும் சேர்த்துக் கெடுத்தேன். பெயர்ப் பதிவேடு வேறு அலுவலகத்தில் பூட்டியிருக்கிறது. அதே நாளில் வேறு ஊர்களிலிருந்தும் வந்திருக்கலாம். இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் உன் கடிதத்தைப் படித்தபின் அந்தக் கண்ணாடித் தகட்டைத் தொடக் கை வரவில்லை. அரைநாள் நுண்ணோக்கியின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

பழுப்பு, அக்கா. ஓரத்திலிருந்து நடுவரை பழுப்பு. பேசியது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. 412 யாருடையதாக இருந்தாலும், அம்மாவிடமிருந்து வந்ததை வாங்கி வைத்துக்கொள்ள அதற்கு இடம் இருந்தது.

அழுதுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே.

உன் தங்கச்சி

ஜூன் 12

அன்புள்ள வாலு,

இன்று அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். பிறகு என்னோடு மாடிக்கு வந்து துணி பிழிந்து கொடுத்தார்.

மெழுகில் மீதி இருந்தால் இனிச் சீவாதே. உங்கள் விதி இடம் கொடுக்குமோ என்னவோ, அக்கா கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து உதை இல்லை. துணி காய்ந்த பிறகும் மாடியில் காத்து நிற்கிறேன். அது நின்றால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அக்கா