இரண்டு கேமராவும் ஒரு முதலாளியம்மாவும்

மார்ச் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஈ, எறும்புகூட நம்பாது. பரவாயில்லை. லிஃப்ட் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். அந்தரத்தில் தொங்குவது எனக்குப் பழக்கம்தான்.

இன்று கேமராக் கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டுக்கு உயிர் கொடுத்தேன். நாலு மாடி ஏறி ஏறி முட்டி தேய்ந்திருந்த கடைக்காரர், நன்றிப்பெருக்கில் இரண்டு பழைய கேமராவைக் கையில் திணித்தார். "ஒரு வாரம் வச்சுப் பாருங்க சார். பிடிச்சதை எடுத்துக்கிட்டு மத்ததைத் திருப்பிக் கொடுங்க."

ஒன்று டி.எஸ்.எல்.ஆர். அதைக் கழுத்தில் மாட்டியதும் முதுகு வளைந்து, தரையில் ஊர்ந்த எறும்புகளுக்கு வணக்கம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். மற்றது பாயிண்ட் அண்ட் ஷூட். சோப்புக்கட்டி அளவு. சட்டைப்பையில் போட்டால் சட்டையோடு துவைத்துவிடுவோம். பெரியவன், சின்னவன் என்று பெயர் சூட்டியாகிவிட்டது.

வாங்குவது எனக்கல்ல, தங்கை மகளுக்கு. ஐந்து மாதக் குழந்தை. சம்பளம் தராமல் வேலை வாங்குவதால் அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கைகால் ஆட்டும் வேகத்துக்குப் போனில் எடுத்த படத்தில் எல்லாம் புயல்தான் விழுகிறது.

மார்ச் 4, புதன்

வேலை முடிந்து நேரே தங்கை வீடு.

"என்னண்ணா இது, பீரங்கி?" என்றாள் தங்கை.

"மச்சான், இதை வச்சு படம் எடுக்கப்போறீங்களா, கோட்டையைப் பிடிக்கப்போறீங்களா?" இது மாப்பிள்ளை.

பெரியவனின் மகிமையை விளக்கினேன். நிலாவில் யாராவது பல் தேய்த்தால் பற்பசையின் நிறம்கூடத் தெரியும் என்றேன். தங்கை அசையவில்லை. "சின்னது போதும். ஆஸ்பத்திரிக்குப் போற பையில போட்டுக்கலாம்."

ஆஸ்பத்திரி என்ற வார்த்தை விழுந்ததும், மாப்பிள்ளை கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவினார்.

பிறந்ததும் செய்த காது சோதனையில் குழந்தையிடமிருந்து பதில் வரவில்லை. அப்புறம் செய்ததிலும் இல்லை. பெரிய சோதனை அடுத்த வாரம் வியாழக்கிழமை. தங்கை இப்போதெல்லாம் தாலாட்டுப் பாடுவதில்லை. முதுகில் தட்டி மட்டும்தான் தூங்க வைக்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

சின்னவனால் எடுத்தது: முப்பது படம். எல்லாவற்றிலும் என் கட்டைவிரல் பிரமாதமாக விழுந்திருக்கிறது.

மார்ச் 7, சனி

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

தங்கை குளிக்கப் போயிருந்தாள். முதலாளியம்மா பாயில், ஜன்னல் பக்கம் முகம் வைத்து, கால் கட்டைவிரலை விசாரணை செய்துகொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னால், வாசற்படியில். பெரியவனை உயர்த்தி அழுத்தினேன். டக்!

திரும்பினாள்.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். 'யாருய்யா அது, வேலை நேரத்துல?' என்கிற பார்வை.

தங்கை ஈரத் தலையோடு வந்ததும் சொன்னேன். சொன்னது மட்டும் போதாதா? என் வாய் சும்மா இருக்குமா? "படார்னு திரும்பினா பாரு, பாயே சுருண்டுடுச்சு!" என்று சேர்த்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். "எதுல வேணும்னாலும் கதை விடு. இதுலயுமாண்ணா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 8, ஞாயிறு, காலை

தூக்கமில்லை. நிஜமாகவே திரும்பினாளா? இல்லை — திரும்ப வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதைப் பார்த்தேனா? இத்தனை வருஷம் ஊரை ஏமாற்றிய வாய், இப்போது என்னையே ஏமாற்றுகிறதோ?

அதே நாள், மாலை

போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கையே போன் செய்தாள். "வா. அந்தப் பெருசையும் எடுத்துட்டு வா."

ஏற்பாடெல்லாம் அவளுடையது. என் வாயில் அவளுக்கு நம்பிக்கை இல்லை, கேமராவில் இருக்கிறது. முதலாளியம்மா பாயில். எதிரே தங்கை மண்டிபோட்டு, சின்னவனை வீடியோவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால். நிழல்கூட விழக்கூடாது, காலைத் தேய்க்கக்கூடாது, மூச்சு விடலாமா என்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். மாப்பிள்ளை மின்விசிறியை அணைத்தார்.

டக்.

ஒன்றும் இல்லை. கால் கட்டைவிரல் விசாரணை தொடர்ந்தது. மறுபடி அழுத்தினேன்.

டக்.

தங்கையின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா, கதவுக்குப் பின்னால் இருந்த எனக்கு எப்படித் தெரியும்? ஓடிவந்து சின்னவனின் திரையைப் பார்த்தேன். முதலாளியம்மா வாய்க்குப் போன விரல் அப்படியே நிற்கிறது. கண் ஓரத்துக்குப் போகிறது. அப்புறம் தலை, மெதுவாக, கதவுப் பக்கம்.

மாப்பிள்ளை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை அடிண்ணா" என்றாள்.

அடித்தேன். பேட்டரி தீரும்வரை அடித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

கடை. பெரியவனை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கடைக்காரர் நல்ல மனிதர், காதோடு எச்சரித்தார். "சார், குழந்தை இருக்கிற வீடுன்னீங்க. இது பழசு, உள்ள கண்ணாடி எகிறி டக்கு டக்குனு அடிக்கும். புது மாடல்ல சத்தமே வராது, காட்டட்டுமா?"

"சத்தத்துக்குத்தான்யா காசே கொடுக்கிறேன்" என்றேன். லிஃப்டை விட்டுவிட்டு என்னைப் பழுது பார்க்க ஆள் அனுப்பலாமா என்பதுபோலப் பார்த்தார்.

மார்ச் 12, வியாழன்

வலது காது நன்றாகக் கேட்கிறது. இடது காதில் குறைவு. கொஞ்ச நாள் கழித்து அதற்கு ஒரு சின்னக் கருவி வைக்கலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கை குழந்தையின் வலது காதருகே குனிந்து பாடினாள். ராகம் தறிகெட்டு ஓடியது. நடத்துநர் உட்படப் பஸ்ஸில் யாரும் குறை சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். தங்கை கதை சொல்லிக்கொண்டிருந்தாள், கையெல்லாம் ஆட்டி: "எங்கண்ணன் அந்தப் பெரிய கேமராவை ஒரு அமுக்கு அமுக்கினாருக்கா, இவ திரும்பின வேகத்துல ஜன்னல் கம்பியே வளைஞ்சுடுச்சு! தெருவுல போனவங்க எல்லாம் நின்னு திரும்பிப் பார்த்தாங்க!"

அக்கா என்னைப் பார்த்தார். "நிஜமாவா தம்பி?"

வாழ்நாளில் முதல்முறையாக ஒரு புளுகைத் திருத்தும் நிலைமை எனக்கு வந்தது. ஜன்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவில் ஒரு நாய்கூட நிற்கவில்லை.

"அவ திரும்பினாக்கா," என்றேன். "அது மட்டும் நிஜம்."